வேலை அனுமதி இரண்டு ஆண்டு, கார்க்கடன் ஏழு ஆண்டு: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. தமிழகத்திலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் அன்பர்களும், அவர்களோடு பழகும் உள்ளூர் நண்பர்களும் கார் வாங்குவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பட்டணத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் செல்லும் செம்மண் சாலைகளில் பேருந்து கிடையாது. இரவு வேலை முடிந்து ஆலையிலிருந்து திரும்புகிறவர் கைப்பேசியில் வாடகை வண்டி தேடினாலும், அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் உள்ளே வர யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இவர்களுக்குக் கார் ஆடம்பரப் பொருள் அன்று. பட்டணத்தில் வாகனக் காப்புறுதி முகவராக இருந்து, இத்தகைய சிக்கல்களோடு வருகிறவர்களை அன்றாடம் சந்திப்பவன் என்ற முறையில், நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். திருநெல்வேலியிலிருந்து வந்து, இங்குள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் துணைப் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். வேலை அனுமதி இரண்டு ஆண்டுகளுக்கு உள்ளது. பிறகு புதுப்பித்துத் தருவோம் என்கிறார்கள். கார் விற்பனையாளர் ஒருவர், புதிய காரை ஏழாண்டுக் கடனில் எடுங்கள், மாதத் தவணை குறைவாக வரும் என்கிறார். பழைய காரை வாங்கினால் பட்டறைக்கே சம்பளம் போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எதைச் செய்வது?

பதில்: வேலை அனுமதி முடியும் தேதியைத் தாண்டி நீளும் கடனை எடுக்காதீர்கள். புதுப்பித்துத் தருவோம் என்று உங்கள் நிர்வாகம் சொல்வது நல்லெண்ணத்தில் சொல்வதாகவே இருக்கலாம். ஆனால் ஆலை கைமாறினாலோ, நீங்களே வேறு வேலை தேடிக்கொண்டாலோ, ஊரில் பெற்றோருக்கு உடல்நலம் குன்றித் திரும்ப நேர்ந்தாலோ, எஞ்சிய ஐந்தாண்டுத் தவணைக்குக் கையொப்பமிட்டவர் நீங்கள்தான். வங்கிகளும் இதை அறிந்தே இருக்கின்றன. வெளிநாட்டவர் கடன் கேட்டால் கூடுதல் முன்பணம், அனுமதிக் காலத்துக்குள் முடியும் தவணை, மலேசியக் குடிமகன் ஒருவரின் உத்தரவாதம் ஆகியவற்றைக் கேட்பது வழக்கம். இந்த நிபந்தனைகள் வங்கிக்கு வங்கி மாறும். விற்பனையாளர் ஏழாண்டு என்று எளிதாகச் சொல்லிவிட்டார் என்றால், உத்தரவாதக் கையொப்பம் யாரிடம் கேட்கப் போகிறார் என்பதை முதலில் விசாரியுங்கள்.

தவணைக் கணக்கையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. இங்கே கார்க்கடனுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த வட்டி, தொடக்கக் கடன் தொகை முழுவதுக்கும், கடன் காலம் முழுவதுக்குமாகக் கணக்கிடப்படுவது. அந்த முறையில் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி அதற்கேற்பக் குறைவதில்லை. 50,000 வெள்ளியை (ரிங்கிட்) 3.5 விழுக்காட்டில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் வட்டி மட்டும் 8,750 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 979 வெள்ளி. குறையும் அசலுக்கு மட்டுமே வட்டி போடும் வீட்டுக்கடன் முறையில் இதைக் கணக்கிட்டால், உண்மையான வட்டி ஆறரை விழுக்காட்டை ஒட்டி வரும். ஆண்டுகளைக் கூட்டினால் தவணை குறைகிறது என்பது உண்மைதான். ஒவ்வொரு ஆண்டும் அசல் முழுவதுக்குமான இன்னோர் ஆண்டு வட்டியும் கூடவே ஏறுகிறது என்பதை விற்பனையாளர் சொல்லமாட்டார்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், கையில் உள்ள சேமிப்புக்குள் அடங்கும் பழைய உள்நாட்டுக் கார் ஒன்றை ரொக்கமாக வாங்குவேன். புரோட்டோன் சாகா, பெரோடுவா அக்சியா, பெஸ்ஸா, மைவி போன்ற வண்டிகளுக்கு உதிரிப்பாகம் எந்தப் பட்டணத்திலும் கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் வேலை தெரியும், ஊர் திரும்பும்போது விற்பதற்கும் ஆள் காத்திருப்பார்கள். வெளிநாட்டுப் பெயர் கொண்ட கார்களின் மேல் ஆசை வருவது இயற்கை. ஆனால் கலால் வரியால் அவற்றின் விலை இங்கே இந்தியாவில் நீங்கள் அறிந்த கணக்கில் இராது. தோட்டச் சாலையின் குழிகளில் அடிபட்ட பிறகு அவற்றுக்கு ஒரு அப்சோர்பர் வாங்குவதற்கே ஈப்போவுக்கு ஓட வேண்டியிருக்கும்.

சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி, 1,200 வரை 55, 1,400 வரை 70, 1,600 வரை 90. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் தனித்தனியே கூடத் தொடங்கி, 2,000 சிசி வண்டிக்கு 380 வெள்ளியாகிவிடும். ஆலைக்கும் குவார்ட்டர்ஸுக்கும் இடையே ஓட்ட 1,000 அல்லது 1,300 சிசி தாராளம்.

எண்ணெய்ச் செலவில் உங்களுக்கும் உங்கள் உள்ளூர் நண்பருக்கும் இப்போது வேறுபாடு உண்டு. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தின்படி, ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்ற உதவி விலை மைகார்டு என்னும் அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டவர் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். திட்டம் தொடங்கியபோது அது 2 வெள்ளி 60 காசாக இருந்தது. அந்த விலைப்படி மாதம் 100 லிட்டர் போடுகிறவருக்கு 61 வெள்ளி கூடுதல். நண்பர் தம் அட்டையைத் தந்து போட்டுக்கொள்ளச் சொன்னாலும் வாங்காதீர்கள். அந்தச் சலுகை அவருக்கென்று கொடுக்கப்பட்டது. பிடிபட்டால் தலைகுனிவு இருவருக்கும்.

பழைய காரைப் பார்க்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள். பலர் பெயிண்டையும் மீட்டரையும் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். முதலில் முன்னிருக்கையின் பெல்ட்டை, அது நிற்கும் வரை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அன்றாடம் பயன்படும் மேல்பகுதியைக் கழுவியிருப்பார்கள்; சுருளுக்குள் கிடக்கும் கடைசி முழத்தைக் கழுவ யாருக்கும் தோன்றாது. அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு குறுக்கே ஓடினால், அந்த உயரத்துக்கு வண்டிக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. அடுத்துப் பின்பக்கச் சாமான் அறையைத் திறந்து, மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி, அது கிடந்த குழியின் ஓரங்களை விரலால் தடவுங்கள். பிறகு தரைவிரிப்பின் மூலையைத் தூக்கி மோந்து பாருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில், குறிப்பாக ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பகுதியில், ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கி எழுந்த வண்டிகள் வெளுத்துத் துடைக்கப்பட்டு வேறு மாநிலங்களில் விலைக்கு வருவது புதிதன்று. மின்கம்பிகளுக்குள் நுழைந்த ஈரம் அவ்வளவு எளிதில் வெளியேறாது. ஓராண்டு கழித்து, மழை இரவில், செம்பனைக் காட்டின் நடுவே வண்டி நிற்கும்போதுதான் தெரியவரும்.

தோட்டத்து வண்டியா என்பதையும் பாருங்கள். கதவு இடுக்குகளில் செம்மண் படிந்திருப்பது தன்னளவில் குற்றமில்லை; அடிப்பக்க ஆர்ம் புஷ்களும் அப்சோர்பரும் எப்போது மாற்றப்பட்டன என்று கேட்டு, அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசலாம்.

விலை பேசி முடிந்ததும் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையை முடித்து, உங்கள் பெயரில் காப்புறுதி எடுத்து, கடப்பிதழும் வேலை அனுமதியும் கையோடு கொண்டு, விற்பவரையும் உடன் அழைத்துக்கொண்டு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) முகப்புக்குச் செல்லுங்கள். கெரானில் (வாகன உரிமைப் பத்திரத்தில்) வங்கியின் உரிமைக் கோரல் நீங்காமல் இருந்தாலும், வண்டியின் மேல் தீராத சம்மன் (போக்குவரத்து அபராதம்) இருந்து தடை விழுந்திருந்தாலும் மாற்றம் நடக்காது. அது நடந்து முடியும் வரை முழுப்பணத்தையும் கொடுக்க வேண்டாம். நாளைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிச் சாவியை நீட்டுகிறவரிடம், நாளைக்கே சாவியையும் வாங்கிக்கொள்கிறேன் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் உள்ளூர்க்காரன். ஆலையில் என்னோடு வேலை செய்யும் தமிழகத்து நண்பருக்கு வங்கிக்கடன் கிடைக்கவில்லை. என் பெயரில் புதிய கார் எடுத்துக் கொடுத்தால், மாதத் தவணையைத் தவறாமல் தந்துவிடுவதாகச் சொல்கிறார். நேர்மையானவர், என் தம்பியைப் போன்றவர். உதவலாமா? மனைவி வேண்டாம் என்கிறாள்.

பதில்: உங்கள் மனைவி சொல்வது சரி. நண்பரின் நேர்மையை நான் சிறிதும் ஐயுறவில்லை. அவர் மாதம் பிறந்தவுடன் பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பவராகவே இருக்கட்டும். அப்போதும் இந்த ஏற்பாடு இருவரையும் காயப்படுத்தும்.

உங்களுக்கு நேர்வதை முதலில் சொல்கிறேன். கடன் உங்கள் பெயரில் இருப்பதால், மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் பதிவில் அது உங்கள் கடனாகவே நிற்கும். நாளை நீங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு வீடு வாங்க நினைத்து வங்கிக்குப் போனால், யாரோ ஓட்டும் காருக்கான தவணையை உங்கள் சம்பளத்தில் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். வேக வரம்பை மீறிய சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும். அந்த நேரத்தில் ஓட்டியவர் யார் என்று அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமை, 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி பதிவு பெற்ற உரிமையாளருக்கே உண்டு. செல்லத்தக்க உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பதும் அதே சட்டத்தில் குற்றம். ஆகவே நண்பரின் உரிமம் காலாவதியானதா என்பதைக்கூட நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நண்பருக்கு நேர்வது அதைவிடக் கொடுமையானது. தவணை முழுவதும் அவர் உழைத்துக் கட்டியதாக இருந்தாலும், கார் முற்றிலும் சேதமடைந்தால் காப்புறுதிப் பணம் உங்கள் கடனுக்கும், மிச்சமிருந்தால் உங்கள் கைக்கும்தான் வரும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் என்சிடி தள்ளுபடி 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று ஐந்து ஆண்டுகளில் ஏறும். அது காருக்குரியது அன்று, பாலிசிதாரருக்குரியது. அவர் கவனமாக ஓட்டிச் சேர்த்த தள்ளுபடி முழுவதும் உங்கள் பெயரில் சேரும். இறைவன் அருளால் அப்படி எதுவும் நேராமல் இருக்கட்டும், ஆனாலும் எழுதியாக வேண்டும்: உங்களுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் அந்தக் கார் உங்கள் சொத்தாகக் கருதப்பட்டு, வாரிசுரிமை நடைமுறை முடியும் வரை அசையாமல் நிற்கும். துக்கத்தில் இருக்கும் உங்கள் குடும்பத்திடம் போய், அது என் கார் என்று அவர் எப்படிச் சொல்வார்? இருவருக்கும் இடையில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத் தாள் வங்கியையும் ஜே.பி.ஜே.யையும் கட்டுப்படுத்தாது.

உதவ விரும்பினால் வேறு வழி இருக்கிறது. ரொக்கத்துக்குப் பழைய கார் வாங்க அவரிடம் பணம் குறைந்தால், உங்களால் இழக்க முடிந்த ஒரு தொகையைக் கைமாற்றாகக் கொடுங்கள். காரை அவர் பெயரிலேயே பதிவு செய்யட்டும். பழைய கார் பார்க்கப் போகும்போது உடன் போங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றாலே விற்பவரின் பேச்சு மாறிவிடும். தவணைக்குப் பெயர் கொடுப்பதைவிட அந்த ஒரு பகல் அவருக்குப் பெரிய உதவி. அல்லது நிர்வாகத்திடம் இருவருமாகப் போய், இரவு வேலைக்காரர்களுக்கு ஆலை வண்டி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நமஸ்காரம். இங்குள்ள ஆலயத்தில் குருக்களாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் மூன்று தோட்டக் கோயில்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒருவர், இரண்டாயிரம் வெள்ளி கொடுத்து, மீதித் தவணையை மாதாமாதம் கட்டிக்கொண்டு மைவி காரை வைத்துக்கொள்ளுங்கள், சம்போங் பாயார் என்று இங்கே எல்லாரும் செய்வதுதான் என்கிறார். வாங்கலாமா? என்னிடம் இந்திய உரிமமும் அனைத்துலக உரிமமும் உள்ளன.

பதில்: குருக்கள் ஐயா, வாங்க வேண்டாம். எல்லாரும் செய்கிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் இவ்வளவு பேர் ஏமாறுகிறார்கள்.

கடைசித் தவணை கட்டி முடியும் வரை அந்தக் கார் வங்கியுடையது. கடன் வாங்கியவருக்கு அதை ஓட்டும் உரிமை உண்டே தவிர, இன்னொருவருக்குக் கைமாற்றிவிடும் உரிமை கிடையாது. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தில் அது குற்றம். நீங்கள் தரும் தவணையை அவர் வங்கியில் கட்டுகிறாரா என்பதை உங்களால் அறிய முடியாது. இரண்டு தவணைகள் தொடர்ந்து தவறினால், வங்கி முறையான அறிவிப்புக் கொடுத்து, 21 நாள் கெடு முடிந்த பின் காரைப் பறிமுதல் செய்யலாம். அந்த அறிவிப்பு அவர் முகவரிக்குப் போகும், உங்களுக்கு வராது. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது காரை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். உள்ளே இருந்த பூசைப் பொருள்களைக் கேட்டு வாங்குவதற்குக்கூட உங்கள் பெயர் எந்தத் தாளிலும் இராது. சிலர் மாற்றுச் சாவியை வைத்துக்கொண்டு, தாமே காரை எடுத்துப்போய் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை அனுமதியில் இருக்கும் நீங்கள் காவல் நிலையத்தில் என்னவென்று புகார் எழுதுவீர்கள்?

உரிமத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். இந்தியாவில் தரப்படும் அனைத்துலக உரிமம் ஓராண்டுக்கே செல்லும். நீண்ட நாள் தங்கிப் பணியாற்றுகிறவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, கேபிபி என்னும் சாலை விதிக் கணினித் தேர்விலிருந்து தொடங்கி, இந்நாட்டு உரிமத்தையே எடுத்துவிடுவது நிம்மதி. முதல் இரண்டாண்டுகள் பி உரிமமாக, அதாவது தகுதிகாண் உரிமமாக இருக்கும். அக்காலத்தில் காப்புறுதிக் கோரிக்கை வந்தால் கட்டாயமாக 400 வெள்ளியை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தாலோ, உங்கள் கார்ச் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் தராது.

மூன்று கோயில்களின் தேவைக்காக ஓடும் வண்டிக்கான சுமையை நீங்கள் தனியே சுமப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆலய நிர்வாகக் குழுவிடம் பேசுங்கள். வெள்ளிக்கிழமை முறைக்குத் தொண்டர் ஒருவர் ஓட்டிச் செல்வதோ, மூன்று தோட்டங்களும் போக்குவரத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வதோ அவர்களால் ஆகாத காரியம் இல்லை. தயங்காமல் கேளுங்கள், குருக்கள் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வருவதை விரும்பும் தோட்டம் எதுவும் இந்த வட்டாரத்தில் இல்லை.

கேள்வி: நான்கு ஆண்டுகள் பணி முடித்து அடுத்த தீபாவளிக்கு முன் மதுரைக்குத் திரும்புகிறேன். கார் என் பெயரில் உள்ளது. கடனில் சிறிது பாக்கி. எப்போது விற்பது? இந்த ஆண்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது வெள்ளப் பாதுகாப்பு வேண்டுமா?

பதில்: வெள்ளப் பாதுகாப்பை எடுங்கள். முழுக் காப்புறுதி என்ற பெயர் இருந்தாலும், வெள்ளமும் மண்சரிவும் புயற்காற்றில் மரம் விழுவதும் வழக்கமாக அதில் அடங்கா. தனியே பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். முன்கண்ணாடியும் அப்படியே. குலை ஏற்றிய லாரியின் பின்னால் அன்றாடம் ஓட்டுகிறவர் இரண்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

விற்பனையை விமானச்சீட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெளிநாட்டு ஊழியர் நாட்டைவிட்டுப் போவதைக் குறைந்தது 30 நாள் முன்னதாக, சிபி21 படிவம் வழியாக, நிறுவனம் வருமான வரி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வரித் தீர்வு வரும் வரை உங்களுக்குச் சேர வேண்டிய கடைசிப் பணத்தை நிறுவனம் நிறுத்தி வைக்கும். அந்தப் பணத்தை வைத்துக் கடன் பாக்கியை அடைக்கலாம் என்று எண்ணியிருந்தால், இப்போதே வேறு ஏற்பாடு செய்யுங்கள். பாக்கியை அடைத்த பிறகும் வங்கி தன் உரிமைக் கோரலைப் பதிவிலிருந்து நீக்கச் சில நாள் எடுக்கும். அது நீங்கி, வாங்குபவருடன் நீங்களே ஜே.பி.ஜே.க்குச் சென்று பெயரை மாற்றிக் கொடுக்கும்போது உங்கள் வேலை அனுமதி உயிரோடு இருப்பது நல்லது. இவற்றுக்கெல்லாம் இடம் விட்டு, புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னதாக வாங்குபவரைத் தேடத் தொடங்குங்கள். பெயர் மாறிய பின் எஞ்சிய மாதங்களுக்கான காப்புறுதியை ரத்து செய்து, மீதித் தொகையைத் திரும்பக் கேளுங்கள். அது வந்து சேரும் வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூட வேண்டாம். கண்ணாடியில் டச் அண்ட் கோ ஆர்எஃப்ஐடி ஒட்டு இருந்தால், அதையும் உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் புதிய உரிமையாளர் நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் கட்டணம் உங்கள் பணப்பையிலிருந்து கழியும்.